உங்களுக்குத் தெரியுமா? முதல் முறை ஐரோப்பா, சொந்த ஏற்பாட்டில்!

ஷெங்கன் என்பது ஒரு கிராமத்தின் பெயர். லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்குக் கோடியில், மோசெல் ஆற்றங்கரையில் இருக்கிறது. பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றின் எல்லைகளும் அங்கேதான் சந்திக்கின்றன. 1985 ஜூன் 14 அன்று, அந்த ஆற்றில் நின்ற 'பிரின்சஸ் மரி-ஆஸ்ட்ரிட்' என்ற கப்பலில் ஐந்து நாடுகள் தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரே ஒரு விசாவோடு லிஸ்பனில் இறங்கி ஹெல்சின்கி வரை போய்விடலாம்.

★

ஆனால் ஐரோப்பிய ஒன்றியம், ஷெங்கன், யூரோ மூன்றும் வெவ்வேறு வட்டங்கள். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் எதிலுமே இல்லை. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. செக் குடியரசு, ஹங்கேரி, போலந்து, டென்மார்க், ஸ்வீடன் ஆகியவை ஷெங்கன் நாடுகள்தான். ஆனாலும் அங்கே சொந்த நாணயம்தான். பாரிஸ், பிராக், புடாபெஸ்ட், ஜூரிச் என்று வழி போட்டால் நான்கு ஊருக்கு நான்கு பணம்.

★

டூர் கம்பெனி மூலம் போனால்தான் விசா கிடைக்கும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. கம்பெனி கேட்கும் அதே தாள்களைத்தான் தூதரகம் உங்களிடமும் கேட்கிறது: பூர்த்தி செய்த படிவம், புகைப்படம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், வேலை அல்லது தொழிலுக்கான சான்று, பயணக் காப்பீடு, போக வர டிக்கெட் முன்பதிவு, தங்குமிட முன்பதிவு. கூடவே, எந்தத் தேதியில் எந்த ஊர், எதற்காகப் போகிறீர்கள், செலவு யாருடையது என்று ஒரு பக்கத்தில் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது வேண்டாத வேலை. அதைப் படிக்கிறவர் அதே வாசகங்களைத் தினமும் படிக்கிறவர்.

விசாவுக்கென்று கடைசி வாரத்தில் கணக்கில் திடீரென்று பெரிய தொகை ஏறுவதும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். மாதா மாதம் சம்பளம் வந்து, செலவு போய், மிச்சம் நிற்கிற கணக்கு சிறிய தொகையாக இருந்தாலும் அதற்கு மரியாதை உண்டு.

★

எந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில். நாள் கணக்கு சமமாக இருந்தால், முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாட்டில். 'இந்த நாட்டில் சுலபமாகக் கிடைக்குதாம்' என்று கேள்விப்பட்டு, அங்கே ஓட்டல் முன்பதிவு காட்டி விசா வாங்கி, அந்த நாட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் வேறு நாட்டில் சுற்றிவிட்டு வருவது ஆபத்து. எல்லையில் கேள்வி வரலாம், அடுத்த முறை விசா மறுக்கப்படலாம்.

★

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். இதில் எதிலுமே சேராதது, விண்ணப்ப மையத்தில் நாள் கிடைக்கக் காத்திருக்கும் காலம். 2024-ல் இந்தியாவிலிருந்து மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. சுமார் ஏழில் ஒன்று மறுக்கப்பட்டது. மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் நாள் தேடுவது என்பது கோடை விடுமுறைக் கூட்டத்தின் நடுவில் போய் நிற்பது. பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிவிட வேண்டும்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குக் கீழ் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது. ஆனால் மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. அந்தக் காரணத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை.

★

பாஸ்போர்ட் காலாவதியாகாமல் இருந்தால் மட்டும் போதாது. கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

★

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். விமான நிறுவனத்தின் இணையதளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. ஒரு நிறுவனம் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், இன்னொன்று வேறு வழி சொல்லும். யூகத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டின் அந்தக் கட்டத்தில் இல்லாத ஒரு பெயர் டிக்கெட்டில் ஏறினால், விமான நிலையக் கவுன்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அதில் சொன்னபடி போடுங்கள்.

நேரம் இருக்கிறவர்களுக்கு என் யோசனை வேறு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே முதல் எழுத்தை விரித்து, குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். போகிற வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றலாம் என்றிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2022 நவம்பரிலிருந்து, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசா கொடுப்பதில்லை.

★

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவதற்கு முன், அந்த ஸ்டிக்கரை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்கும்.

முதலாவது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விசா செல்லும் என்பது. இரண்டாவது, எத்தனை முறை உள்ளே நுழையலாம் என்பது: 01, 02 அல்லது பலமுறை என்பதற்கான சுருக்கம். மூன்றாவது, எத்தனை நாள் தங்கலாம் என்பது. இந்த மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மே 10 முதல் ஜூன் 8 வரை என்று தேதி இருக்கும். பக்கத்திலேயே நாட்கள் 15 என்று இருக்கும். அதாவது, அந்த 30 நாள் இடைவெளிக்குள் ஏதாவது 15 நாள் தங்கலாம், அவ்வளவுதான். இறங்கிய நாள் ஒரு நாள், கிளம்பும் நாளும் ஒரு நாள். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்னால் எல்லை அதிகாரியைக் கடந்தாலும் அன்றைக்கு ஒரு நாள் கணக்கு. திரும்பும் விமானம் 15-ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டிக் கிளம்புவதாக இருந்தால் நன்றாக யோசித்து டிக்கெட் போடுங்கள்.

பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். தவறு இருந்தால் கிளம்புவதற்கு முன் திருத்திக்கொள்ளலாம். விமான நிலையத்தில் திருத்த முடியாது.

★

நுழைவு 01 என்று இருக்கிறதா? அப்படியானால் பாரிஸிலிருந்து ரயிலில் லண்டன் போய்விட்டு மறுபடி ரோமுக்கு வரும் திட்டம் நடக்காது. லண்டனுக்குக் கிளம்பிய அந்த நிமிடமே ஷெங்கன் விசா முடிந்துவிடும். லண்டனுக்குத் தனி விசாவும் வேண்டும். ஆகவே இரண்டும் பார்க்க நினைப்பவர்கள், லண்டனைப் பயணத்தின் முதலிலோ கடைசியிலோ வைத்துக்கொள்வது நல்லது.

★

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் பழக்கம் ஷெங்கன் எல்லைகளில் முடிவுக்கு வருகிறது. 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய புதிய முறையில், நீங்கள் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் கணினியில் பதிவாகின்றன. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அது தானாகவே தெரிந்துவிடும். இதோடு எட்டியாஸ் என்ற இன்னொன்றைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது விசா இல்லாமல் ஐரோப்பா போகக்கூடிய நாட்டவர்களுக்கான முன் அனுமதி. விசா வாங்கிப் போகும் நமக்கு அது தேவையே இல்லை. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

★

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடு தர வேண்டும், எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்ல வேண்டும். இது விசாவுக்கான குறைந்தபட்சம்தான். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஈடு உண்டா என்ற பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும். மாத்திரைகளை அவற்றின் அட்டையோடு, மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

★

வெளிநாட்டுப் பணத்தை நோட்டாக எவ்வளவு வாங்கலாம்? ஐரோப்பா போகும் இந்தியர் ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாக வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். அவ்வளவு நோட்டே தேவைப்படாது என்பது என் எண்ணம். ஒரு சில நூறு யூரோ போதும், அதையும் ஒரே பர்ஸில் வைக்க வேண்டாம்.

கார்டைத் தேய்க்கும்போது, 'ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா?' என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் என்றால் கணக்குப் பார்க்க வசதி என்று தோன்றும். ஆனால் அந்த ரூபாய்க் கணக்கு போடுவது அந்த ஊர் இயந்திரக்காரர். அவர் வைத்ததுதான் மாற்று விலை. எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

★

ஈஃபிள் கோபுரத்தின் டிக்கெட்டை யூபிஐ மூலம் வாங்கலாம். 2024 பிப்ரவரியில் இந்த வசதி அறிமுகமானது.

★

மிலனில் லியோனார்டோ டாவின்சியின் 'கடைசி இராவுணவு' ஓவியத்தைப் பார்க்க உங்களுக்குக் கிடைப்பது 15 நிமிடம். அது சுவரிலேயே தீட்டிய ஓவியம். மூச்சுக்காற்றின் ஈரமும் தூசியும் அதைக் கெடுத்துவிடும் என்பதால் சிறு சிறு குழுவாகத்தான் உள்ளே விடுகிறார்கள். டிக்கெட் முன்கூட்டியே வெளியாகும், வேகமாகத் தீர்ந்தும் போகும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், ஆறு வாரம் தள்ளி வரும் தேதிகளுக்கு விற்பனை திறக்கும். ஸ்பெயினின் கிரனடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனை டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடு சேர்ந்தது. நஸ்ரித் மாளிகைக்குள் நுழையக் குறித்த நேரம் தவறினால் அந்தப் பகுதியை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த மாதிரி இடம் ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால், முதலில் அந்த டிக்கெட் கிடைக்கும் தேதியைப் பாருங்கள். அதைச் சுற்றி மற்ற நாட்களை அமையுங்கள். ஓட்டலையும் ரயிலையும் போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் இதைத் தேடினால் கிடைக்காது.

★

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, அங்கேயே ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். லூவரில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் பெரியவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ. 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டவரானாலும் இலவசம்.

★

யூரெயில் பாஸ் 1959-ல் தொடங்கியது. இன்று 33 நாடுகளில் செல்லும். 28 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 60 வயதைத் தொட்டவர்களுக்கும் தள்ளுபடி உண்டு. பெரியவர் ஒருவரோடு போகும் 4 முதல் 11 வயதுக் குழந்தைக்குப் பாஸ் இலவசம். ஆனால் பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிரான்சின் அதிவேக ரயில், யூரோஸ்டார், இரவு ரயில்கள் எல்லாவற்றிலும் இருக்கைக்குத் தனியாக முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகளும் குறைவு.

மூன்று நான்கு ரயில் பயணம்தான் என்றால் பாஸ் தேவையில்லை. விமான டிக்கெட்டைப் போலவே அங்கே அதிவேக ரயில் டிக்கெட்டும் முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு, நாள் நெருங்க நெருங்க ஏறும். தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கும், எப்போது எங்கே கிளம்புவோம் என்று முடிவு செய்யாதவர்களுக்கும்தான் பாஸ் லாபம்.

★

இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகே இருக்கும் சின்ன இயந்திரத்தின் வாயில் அதை நுழைக்க வேண்டும். சத்தம் போட்டுத் தேதியும் நேரமும் அச்சடித்துத் தரும். அந்த அச்சு இல்லாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான். பரிசோதகர் வந்தபின் 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது எடுபடாது.

லக்சம்பர்க்கில் இந்தக் கவலையே இல்லை. 2020-லிருந்து அங்கே பஸ், டிராம், ரயில் எல்லாம் எல்லோருக்கும் இலவசம், சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்து. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு.

★

சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1912-ல் திறந்த பாதை அது. டிக்கெட் விலை அதிகம், சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தாலும் மேல்பகுதிக்குத் தள்ளுபடி மட்டுமே, முழு இலவசம் இல்லை. உச்சியில் என்ன தெரிகிறது என்பதை நேரலை கேமராவில் இணையத்திலேயே பார்க்கலாம். காலையில் எழுந்ததும் அதைப் பாருங்கள். மேகம் மூடி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்குக் கீழே ஏரிப் பக்கம் போங்கள், மலையை மறுநாளுக்கு வையுங்கள். குழுவோடு வந்தவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது, அவர்களுக்குக் குறித்த நாள் குறித்ததுதான். சொந்த ஏற்பாட்டில் போவதன் பெரிய லாபமே இதுதான் என்பேன்.

★

விலை குறைந்த விமானத்தில் 'பாரிஸ்' என்று போட்டிருந்தாலும் அது எந்த விமான நிலையம் என்று பாருங்கள். போவே விமான நிலையம் பாரிஸ் நகரத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். பிராங்க்ஃபர்ட்-ஹான், பிராங்க்ஃபர்ட்டிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல். பஸ் காசையும் போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ரயிலே மலிவாகிவிடுவதுண்டு.

★

பெட்டியில் நெய் டப்பா, பால்கோவா, தயிர் மிளகாய் எடுத்து வைக்கிறீர்களா? ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பெரும்பாலான நாடுகளிலிருந்து பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுவரத் தடை இருக்கிறது. கருவாடு, மீன் ஊறுகாய்க்கு இந்தத் தடை இல்லை, அளவு வரம்பு உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, காய்கறி எதற்கும் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை. இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் போதும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல் இவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

★

பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற புகழ்பெற்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைச் சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. பிரெஞ்சு வெங்காய சூப் வழக்கமாக மாட்டிறைச்சி வடிசாற்றில் செய்வது. சைவத்தில் உறுதியாக இருப்பவர்கள் 'இறைச்சி உண்டா?' என்று மட்டும் கேட்டால் போதாது. மீன், முட்டை, வடிசாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாரிஸில் இருக்கும் நாட்களில் அந்தக் கவலை குறையும். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் லா ஷாப்பெல் பகுதி. ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. தமிழில் பெயர்ப் பலகை, கொத்து ரொட்டி, தோசை, இடியாப்பம், மளிகை, பூக்கடை எல்லாம் உண்டு. பக்கத்தில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி அங்கே தேர் வீதியுலா வரும்போது பாரிஸ் தெருவில் தேங்காய் உடைபடும். உங்கள் தேதி ஒத்துவந்தால் தவறவிடாதீர்கள். ஜெர்மனியின் ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-ல் குடமுழுக்கு நடந்தது. நம் ஊர் பாணியில் கோபுரம் எழுப்பிய கோயில், ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோயில்களில் ஒன்று.

★

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஞாயிறு ஓய்வு நாள் என்பது அந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் போன்ற சில மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமை மாலையே பாலும் பிரெட்டும் வாங்கி வைத்துவிடுங்கள்.

★

ரோம் நகரின் தெருக்களில் 'நசோனே' என்ற இரும்புக் குடிநீர்க் குழாய்கள் சுமார் 2,500 இருக்கின்றன. தண்ணீர் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். குனிந்து குடிக்கச் சிரமமாக இருந்தால், குழாயின் நுனியை விரலால் அடையுங்கள். மேலே இருக்கும் சின்னத் துளை வழியாக வாய்க்கு நேராகத் தண்ணீர் பீய்ச்சும். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான நகரங்களில் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். வியன்னாவுக்கு ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் 1873-லிருந்து குழாயில் வந்துகொண்டிருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துப் போனால் தினமும் சில யூரோ மிச்சம்.

★

கழிவறையில் தண்ணீர் இருக்குமா என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் முதல் கேள்வி. இத்தாலியில் 1975-ஆம் ஆண்டு அரசாணைப்படி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது கழுவிக்கொள்ளும் தொட்டி இருக்க வேண்டும். மற்ற நாடுகளில் பெரும்பாலும் காகிதம்தான். பொதுக் கழிவறைக்குப் பல இடங்களில் 50 சென்ட் முதல் 1 யூரோ வரை கட்டணம் உண்டு, சில்லறை வைத்திருங்கள்.

★

ஒன்றியத்தில் ஒரு நாட்டில் வாங்கிய சிம் கார்டு மற்ற ஒன்றிய நாடுகளிலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும், 2017-லிருந்து இதுதான் விதி. சுவிட்சர்லாந்துக்கு இந்த விதி பொருந்தாது. பிரெஞ்சு சிம்மோடு ஜெனீவா எல்லையைத் தாண்டியதும் பாக்கி காலியாகலாம். வாங்கும்போதே 'சுவிட்சர்லாந்தும் சேர்ந்ததா?' என்று கேளுங்கள்.

அவசர உதவிக்கு ஒன்றியம் முழுவதும் ஒரே எண்: 112.

★

திரும்பும் விமானம் தாமதமானால் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒன்றியத்தின் எந்த விமான நிலையத்திலிருந்து கிளம்பினாலும், எந்த நாட்டு நிறுவனமானாலும் இந்த விதி பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், சேரும் இடத்துக்கு 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தால் ஒருவருக்கு 600 யூரோ. மோசமான வானிலை போன்ற, நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் கிடையாது. இந்தியாவிலிருந்து கிளம்பும்போது, ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டும் பொருந்தும். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

★

கடையில் வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெறலாம். ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 70-க்கு மேல், பிரான்சில் 100-க்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க அதிகாரியிடம் போங்கள், பொருளைக் காட்டச் சொல்லலாம். அதற்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

★

2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகையைக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை வாங்கி விதிப்படி பயன்படுத்தியிருந்தால், அடுத்து 2 ஆண்டுக்குப் பலமுறை விசா கிடைக்கலாம். அதற்கடுத்தது 5 ஆண்டு, பாஸ்போர்ட்டில் அந்த அளவு காலம் மிச்சமிருந்தால். ஆகவே முதல் பயணத்தில் சொன்ன தேதிக்குத் திரும்பி வாருங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும், அந்த விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.